எல்லர்ஸ்பாக்குக்கு மழை கேட்டவர்

அந்த ஊரை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்கமாட்டீர்கள். ஜெர்மனி தேசத்தில், மலைக்காட்டு ஓரமாக, நாற்பது வீடும் ஒரு கோயிலும் உள்ள குக்கிராமம். பேர் எல்லர்ஸ்பாக். ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓர் ஓடை. ஓடைக்கு இந்தக் கரை பிஷப்புக்குச் சொந்தம், அந்தக் கரை பிரபுவுக்குச் சொந்தம். இந்த எழுநூறு வருஷத்துக் கதையை ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் லைன் வீட்டில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன ஆள் நான். எல்லாம் வேதமாணிக்கத்தால் வந்த வினை.

வேதமாணிக்கம் அச்சுக் கோக்கிறவர். நான், ஜெயவேல், அதே அச்சாபீசில் டிரெடில் மிஷின் மிதிக்கிறவன். முதலாளி ராமசுப்பு அண்ணாச்சி விருதுநகர்க்காரர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், துறைமுகத்துக் கம்பெனிகளுக்கு ரசீதுப் புத்தகம், இதுதான் எங்கள் ஆபீசுக்கு வருகிற வேலை. வேதமாணிக்கம் குடித்தனமும் என் குடித்தனமும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். அவர் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் தும்முவார்கள்.

அவருடைய சம்சாரம் தேவகிருபை திருச்செந்தூர்ப் பக்கம், ஏதோ ஒரு செம்மண் காட்டு ஊர். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் ராயபுரம். கல்யாணம் தூத்துக்குடியில் அவளுடைய பெரியப்பா வீட்டில் நடந்தது. மறுநாளே ரயிலேறி வந்துவிட்டார்கள். பதினாறு வருஷத்தில் அவர் மாமனார் ஊருக்கு ஒருதரம்கூடப் போனதில்லை. லீவு இல்லை என்பார். லீவு இருந்தால் கடற்கரையில் உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. காசிமேட்டுக் கல்லறையில் வைத்தார்கள். அதற்குப் பிறகு இல்லை.

அவளும் எங்கள் அச்சாபீசில்தான் வேலை செய்தாள். அச்சான தாளை மடித்துத் தைப்பாள். வேலை குறைந்த நாளில் எழுத்துப் பிரித்துப் போடுவாள். எங்களிடம் எழுத்து கொஞ்சம்தான். எட்டுப் பக்கம் கோத்தால் கேஸ், அதாவது எழுத்துப் பெட்டி, காலி. அந்த எட்டுப் பக்கத்தை அச்சடித்து, மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம் கோக்க முடியும். தேவகிருபை பிரித்தால் ஒரு எழுத்து தப்பாது. மற்றவர்கள் பிரித்த கேசில் ‘ன’ அறையில் கைவிட்டால் ‘ண’ வரும். இவள் பிரித்ததில் கண்ணை மூடிக்கொண்டு கோக்கலாம்.

சாயங்காலம் அவர்கள் இருவரும் வாசல்படியில் இருப்பார்கள். அவர் நகத்திலிருந்து ஈய அழுக்கை எடுத்துக்கொண்டிருப்பார். அவள் நெத்திலி கிள்ளிக்கொண்டே எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் “உம்” என்பார். அவ்வளவுதான் அவர்கள் தாம்பத்தியம் என்று நான் கேலி செய்வதுண்டு. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் பகலெல்லாம் வேகமாக மடிப்பாள் என்று எனக்குத் தெரியும். விளக்கேற்றியதும் அவர் என்னோடு டீக்கடைக்கு வந்துவிடுவார். அது என் மணி நேரம்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாசம் அந்த ஜெர்மன் அம்மாள் வந்து சேர்ந்தாள். ஹெட்விக் என்று பேர். எல்லாருக்கும் சிஸ்டரம்மா. தண்டையார்பேட்டையில் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றை இருபத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். யுத்தத்தில், எதிரி தேசத்துக்காரி என்று வெள்ளைக்காரன் அவளைப் பிடித்துக் காம்பில் வைத்திருந்தான். திரும்பி வந்து மறுபடியும் அதே விடுதி. வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். வெயிலில் சிவந்த முகம், வெள்ளைப் பருத்திப் பாவாடை, ஆள் நெடுநெடு என்று இருப்பாள். புரட்டாசியில் கப்பல், ஒரேயடியாக ஊருக்குப் போகிறாள். உங்கள் ஊர் எப்படியம்மா இருக்கும் என்று விடுதிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டார்களாம். போவதற்கு முன் ஊர்ச் சரித்திரத்தைத் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று கொடுக்கவேண்டும் என்று வந்தாள்.

அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பேசுவதும் பைபிள் தமிழ். வேதமாணிக்கம் எழுதிக்கொள்கிறேன் என்றார். பகலில் ஆபீஸ், ஆகவே சாயங்காலம், அதுவும் தம் வீட்டிலேயே என்றார். காகிதத்தில் எழுதவில்லை. அவள் ஒன்று சொல்ல, இவர் வேறு மாதிரித் திருத்த, அவள் மறுபடி மாற்ற, அழித்து அழித்து எழுத வேண்டியிருந்ததால் இரண்டு பெரிய சிலேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை சிலேட்டைப் பார்த்து நேரே எழுத்தைக் கோத்துவிட்டுத் துடைத்துவிடுவார். எட்டுப் பக்கம் சேர்ந்ததும் ஒரு புரூஃப் எடுத்து அவள் காதுக்குப் படித்துக்காட்டி, பிறகு என் மிஷினுக்கு வரும்.

இப்படி அந்த மணி நேரம் போயிற்று. இரண்டு பேருடைய மணி நேரமும் போயிற்று. வாசல்படியில் சிஸ்டரம்மாவுக்கு முக்காலி, எதிரில் சிலேட்டோடு வேதமாணிக்கம். தேவகிருபை உள்ளே அடுப்படியில். நான் டீக்கடையில் தனியாக.

வேதமாணிக்கம் ஆளே மாறிப்போனார். “உம்” கொட்டுகிற மனுஷர் கேள்வி கேட்கத் தொடங்கினார். ஓடைக்கரையில் என்ன மரம்? பனிக்காலத்தில் ஆட்டை எங்கே கட்டுவார்கள்? அந்தக் கரைப் பெண்ணை இந்தக் கரைப் பையன் கட்டினால் பிறக்கும் பிள்ளை யாருக்குக் குடிமகன்? பிள்ளைகளை இரண்டு எஜமானும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்று அவள் சொன்னபோது, அடப்பாவிகளா என்று என் பக்கத்துச் சுவர்வரை கேட்கும்படி உச்சுக்கொட்டினார். ஆபீசுக்கு வந்தாலும் அதே பேச்சு. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யோவ், இன்னாய்யா உனக்கு அந்த ஊர்ல காணியா கீது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார்.

தேவகிருபை சிரிக்கவில்லை. குழம்பில் உப்பு ஏறியது, சோறு குழைந்தது. சிஸ்டரம்மா வருகிற நேரம் பார்த்து ஈயப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். என் சம்சாரம் மங்கம்மா குழாயடியில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். அந்த வெள்ளைக்காரி மேல் உனக்கென்ன சந்தேகமா என்று கேட்டாளாம். சீ, அப்படியெல்லாம் இல்லை, அப்படியிருந்தாலாவது ஓங்கி ஒன்று கொடுத்திருப்பேன் என்றாளாம் தேவகிருபை. ஒரு ஊரோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று கேட்டாளாம். மங்கம்மா அதைச் சொன்னபோது எனக்கு நன்றாகவே புரிந்தது. என் வயிறும் அந்த ஊரால்தான் எரிந்துகொண்டிருந்தது.

எரிகிறதில் எண்ணெய் விட்டது ஏழு பேர் கதை. எல்லர்ஸ்பாக்கில் வயலுக்கு வயல் எல்லைக்கல் நடுவதற்கென்று சத்தியம் செய்து கொடுத்த ஏழு பேர் இருந்தார்களாம். கல்லுக்கு அடியில் ஏதோ ஓர் இரகசிய அடையாளத்தைப் புதைத்துவைப்பார்கள். கல்லை எவனாவது நகர்த்தினால் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அது என்ன என்று சாகும்வரை ஒருவரிடமும் சொல்லக்கூடாது, பெண்டாட்டியிடமும்கூட. அன்று தேவகிருபை அடுப்படியை விட்டு வெளியே வந்து, என்னதான் புதைப்பார்கள் என்று கேட்டாள். இரண்டு மாசத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. வேதமாணிக்கம் விளையாட்டாக, அதெல்லாம் பெண்டாட்டிக்குச் சொல்லமாட்டோம் என்றார். சிஸ்டரம்மா கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தேவகிருபை உள்ளே போய்விட்டாள்.

அந்த வருஷம் மழையே இல்லை. தெற்கே பனைகூடக் காய்கிறது, ஆடுமாட்டையெல்லாம் விற்றாயிற்று என்று அவளுடைய அண்ணன் கடிதம் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் லைனில் மழைக்காக ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். முழுக்கத் தெற்கத்தி ஜனம். ஒவ்வொருவராக எழுந்து தத்தம் ஊரைச் சொல்லி, அந்த ஊருக்கு மழை கேட்கவேண்டும் என்று ஏற்பாடு. நான் அந்த மதமில்லை, சும்மா கதவோரம் நின்றேன். நாசரேத்து, மெஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று வரிசையாக ஊர்கள் வந்தன. வேதமாணிக்கத்தின் முறை வந்தது; அவர் சொல்லத் தெற்கே மாமனார் ஊர் ஒன்றுதான் உண்டு. தேவகிருபை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் ஊர்ப் பேரை அவர் வாயால் கேட்கப்போகிறோம் என்று காத்திருந்த முகம் அது.

அவர் கண்ணை மூடினார். மலைக்காட்டின் மேலும், ஓடையின் இரண்டு கரைகளின் மேலும், கோதுமை வயல்களின் மேலும் காலத்திலே மழையைக் கட்டளையிடும் ஆண்டவரே என்று ஆரம்பித்து, ‘எல்லர்ஸ்பாக் கிராமத்துக்காக’ என்று முடித்தார்.

யாருக்கும் ஆமென் சொல்லத் தோன்றவில்லை. பிறகு ஒரு பொட்டப்பிள்ளை களுக்கென்று சிரித்தது. அதோடு கூட்டமே சிரித்தது. வேதமாணிக்கம் கண்ணைத் திறந்து, தாம் சொன்னது என்ன என்று அப்போதுதான் உணர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். தேவகிருபை பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் சிஸ்டரம்மாவுக்குக் கப்பல் டிக்கெட் உறுதி செய்யத் துணையாக டிராம் ஏறித் துறைமுக ஆபீசுக்குப் போனார். மூன்றாவது பாரம், எட்டுப் பக்கம், கோத்து நூல் கட்டி, பாரம் பரப்புகிற கல்மேசைமேல் வைத்திருந்தார். புரூஃப் எடுக்கவில்லை. வந்து எடுப்பதாகச் சொல்லிப் போயிருந்தார். பதினோரு மணிக்கு அண்ணாச்சி வண்ணாரப்பேட்டைக்குக் காகிதம் எடுக்கக் கிளம்பினார். தேவகிருபை மடிக்கிற வேலையை விட்டெழுந்து கல்லண்டை போனாள். நூலை அவிழ்த்தாள். ஈர விரலால் நாலு வரியைச் சேர்த்து இடது கையில் எடுத்து, வலது கையால் அறை அறையாகப் போடத் தொடங்கினாள்.

நான் மிஷின் மிதித்துக்கொண்டே, எந்தப் பாரம் அது என்று கேட்டேன். முடிந்த பாரம் என்றாள். முடிந்த பாரம் என்றால் மண்ணெண்ணெய் நாற்றம் வரும். வரவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஒழியட்டும் அந்த ஊர், திரும்ப டீக்கடைக்கு வரட்டும் மனுஷன் என்று நினைத்தேன். இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

ஒரு மணிக்கெல்லாம் எட்டுப் பக்கமும் கேசுக்குள் போய்விட்டது.

வேதமாணிக்கம் வந்து வெறும் கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கேசில் கைவிட்டு ‘ன’ அறையிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். அத்தனையும் ‘ன’. அதற்கு மேல் அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணாச்சி வந்து கத்தியபோது, புரூஃப் எடுத்தாயிற்று என்று நினைத்துத் தாமே பிரித்துவிட்டதாகச் சொல்லி வசவு முழுவதையும் வாங்கிக்கொண்டார். தேவகிருபை தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தாள். கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

சாயங்காலம் சிஸ்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். இன்னொரு தரம் சொல்லுங்கள், இரண்டே நாளில் கோத்துவிடுகிறேன் என்றார். அவள் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, மடிப்பைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள். போன வாரம் தமையனிடமிருந்து வந்ததாம். ஓடை நெடுக முள்வேலி போட்டுவிட்டார்கள், இந்தக் கரை ஒரு சர்க்கார், அந்தக் கரை ஒரு சர்க்கார், அவள் பிறந்த கரைக்கு வெளியாள் யாரும் வரமுடியாது. கப்பலை விட்டு இறங்கினால் வேறேதோ பட்டணத்தில் ஒரு மடத்தில் போய்த் தங்கவேண்டும்.

“அப்பொழுது நான் வீட்டுக்குத் திரும்பிப் போகிறவளாய்ச் சொன்னேன், வேதமாணிக்கம்” என்றாள். “இப்பொழுது அப்படிச் சொல்ல எனக்கு வராது. அந்தப் பக்கங்கள் இல்லாமலே புத்தகம் இருக்கட்டும்.”

அவள் போன பிறகு வேதமாணிக்கம் சிலேட்டை எடுத்துத் தாமே எழுதப் பார்த்தார். நான் மனசு கேட்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி எழுதினார், அழித்தார். அச்சுக் கோக்கிறவன் பிழைப்பு அப்படி. எழுத்தைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்துக் கோப்பான். கோத்தது என்ன என்று சாயங்காலம் கேட்டால் முழிப்பான். வருஷம் எது, கொடுத்தவர் யார், கொள்ளை நோயில் செத்தவர் எத்தனை, ஒன்றும் வரவில்லை. சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

தேவகிருபை நெத்திலி முறத்தோடு வாசலுக்கு வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். மீனைக் கிள்ளிக்கொண்டே பேசினாள்.

“எழுதுங்க. ஆயிரத்து இருநூத்துத் தொண்ணூத்தொண்ணாம் வருசம். மடத்துச் சாமியார் ஒருத்தர் ஆட்டுத்தோல்ல எழுதின பத்திரத்துலதான் எங்க ஊர்ப் பேரு மொதமொத வருது. ஆலை ஒண்ணு, பண்ணை ரெண்டு, அதுல உள்ள சனங்க, எல்லாத்தையும் கன்னியர் மடத்துக்குத் தானமாக் குடுத்தாச்சு. இந்த எடத்துல அந்தம்மா மூக்கச் சிந்துனா. அதையும் எழுதணுமா?”

வேதமாணிக்கம் அவளைப் பார்த்தபடியே இருந்தார். எழுதுங்க என்று மறுபடி சொன்னாள். எழுதினார்.

அவள் நிறுத்தவில்லை. ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்பதில் கொள்ளை நோய் வந்தது. மேட்டுக்குடியிருப்பில் பதினொரு வீடு, ஒருவரும் மிஞ்சவில்லை. இன்றைக்கும் அங்கே ஒரு இடிந்த சுவரும் பேரிக்காய் மரமும்தான். பிஷப் ஆளும் பிரபு ஆளும் மோதிக்கொண்டபோது சனங்கள் ஆடுமாட்டோடு கோயிலுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். கோயில் மதில் ஆறு முழ உயரம். ஆறு முழமா, எட்டா என்று வேதமாணிக்கம் கேட்டார். எட்டு என்று நீங்கள் எழுதினீர்கள், அந்தம்மா ஆறு என்று திருத்தினாள், நீங்கள் எச்சில் தொட்டு அழித்தீர்கள் என்றாள்.

“வருசத்துக்கு ஒரு கோழி பிரபுவுக்குக் குடுக்கணும். ஆனா ஒரு வீட்டுல பிள்ளை பெத்தவ படுத்துருந்தான்னா, வந்த ஆளு கோழித் தலைய மட்டும் எடுத்துக்கிட்டுப் போவணும். ஒடம்ப அவளுக்கு விட்டுரணும், சாறு வச்சுக் குடிக்கதுக்கு.”

அங்கே பேச்சை நிறுத்தினாள். முறத்தில் கை அப்படியே இருந்தது.

“இத நீங்க எழுதுன அன்னைக்கு, ஒரு தடவை என்னத் திரும்பிப் பாப்பியளோன்னு பாத்தேன். பாக்கல.”

வேதமாணிக்கத்தின் பல்பம் நின்றுவிட்டது. “எல்லாம் எப்படிம்மா ஞாபகம் கீது உனக்கு?” என்று கேட்டார்.

“பொறாமைதான். ஒவ்வொரு சொல்லும் என் வயித்துல நெருப்பாட்டு விழுந்துச்சு. மறந்துருமா?” பிறகு, “பாரத்தப் பிரிச்சது நாந்தான்” என்றாள்.

“தெரியும்” என்றார் அவர்.

எனக்கும் தெரியும் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டேன்.

இரண்டு நாளில் எட்டுப் பக்கமும் கோத்துப் புரூஃப் எடுத்தாயிற்று. சாயங்காலம் சிஸ்டரம்மா முக்காலியில் உட்கார, வேதமாணிக்கம் படித்துக்காட்டினார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். கன்னத்தில் நீர் வழிந்ததைத் துடைக்கவே இல்லை. முடிந்ததும், இது நான் சொன்ன விதமாகவே இருக்கிறதே, உனக்கு எப்படி வந்தது என்றாள். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார், பிரித்துப் போட்டது உட்பட. தேவகிருபை அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஓடவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

சிஸ்டரம்மா எழுந்து போய் அவள் முன்னால் நின்றாள். திட்டப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். மீன் கிள்ளிய தேவகிருபையின் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“என் தமையனுக்கும் இவ்வளவு நினைவில் இல்லை” என்றாள். “என் ஊர் இப்பொழுது உன்னிடத்தில் இருக்கிறது. உன் ஊரைப் பற்றி எனக்குச் சொல், மகளே. நான் கேட்கிறேன்.”

தேவகிருபை மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை.

“ஒங்களுக்குச் சொல்லுததுக்கு எனக்கு ஒண்ணும் தடையில்லம்மா. ஆனா பதினாறு வருசமா இவுக அதக் கேக்கல. மொதல்ல இவுக கேக்கட்டும். பொறவு ஒங்களுக்குச் சொல்லுதேன்.”

சிஸ்டரம்மா திரும்பி வேதமாணிக்கத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். லைனில் குழாயடியில் நின்றவர்களும் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். எல்லர்ஸ்பாக்கில் பனிக்காலத்து ஆட்டுப்பட்டி வரைக்கும் விசாரித்துத் தெரிந்துகொண்ட மனுஷர் அவர். புரூஃப் தாளை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். எங்கே ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், “உங்க ஊர்ல ஆறு எந்தப் பக்கமா ஓடுது?” என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எங்க ஊர்ல ஆறே கெடையாது” என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். போகவில்லை. நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

“அப்ப தண்ணிக்கு இன்னா பண்ணுவீங்க?”

தேவகிருபை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு எதிரே படியில் வந்து உட்கார்ந்தாள்.